ஓரம் வெட்டிய புத்தகங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் ஷாஹிதாவை மூலனூர் பஸ் ஸ்டாண்டில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே, நனைந்த துணியோடு நிற்க விட்டுவிட்டுப் போனதற்குச் சிலர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு பஸ்ஸாவது விடக்கூடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். விட்டாச்சு தாயே! பஸ் வந்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. இனிமேல் நடக்கப்போவதற்கு மட்டும் என்னைத் திட்டாதீர்கள்.

இன்றைக்குத்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம்ம ஷாஹிதா நாவல்களை ஆராய்ச்சி பண்ணுகிறவள். ஆனால் நாவலை எழுதினவர்களைவிட அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்மேல்தான் அவளுக்குக் கண். வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் வீட்டிலேயே தைத்து அட்டை போட்டு வைப்பார்களே, அந்தப் புத்தகங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும், ஏறிப் பாருங்கள்.

நல்லூர், வீரபாண்டி, மூலனூர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, பழைய பேப்பர் கடைகளில் மூட்டையைக் கவிழ்த்துத் தேடி, ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்று பனியன் கம்பெனி நூலால் தைத்தது. இன்னொன்றுக்கு ஓவர்லாக் மிஷினிலேயே முதுகு அடித்திருந்தார்கள். ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் அட்டை.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஓரங்கள். படித்த பெண்கள் பக்க ஓரத்தில் எழுதி வைத்தது. "இவனை நம்பாதே." "அம்மை போட்டிருந்ததால் இந்த வாரம் விட்டுப்போச்சு, சரோஜா வந்து கதை சொன்னாள்." "இனி இந்தக் கதையைப் படிக்க மாட்டேன்." அடுத்த வாரமும் அதே கையெழுத்து இருக்கும்! அச்சடித்த கதையைச் சென்னையில் எந்த நூலகத்திலும் எடுக்கலாம். இந்த ஓரங்கள் வேறெங்கும் கிடையாது. அதுதான் அவள் ஆராய்ச்சி.

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பை எடுத்துக்கொள்ளவும், அதைக் கவனிக்க ஷாஹிதாவுக்கே வேலை கொடுக்கவும் யோசிக்கிறது. நேரில் பார்த்துச் சொல்ல சகாயராஜ் என்ற பேராசிரியர் இன்று வருகிறார். கெஸ்ட் லெக்சரராகவே காலம் தள்ளின ஷாஹிதாவுக்கு வயது வரம்பு கழுத்தில் வந்து நிற்கிறது. இந்த வேலை போனால் இன்னொன்று வராது. அது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

* * *

திருப்பூரில், வீடு மாடியில். கீழே அண்ணன் ரஷீதின் தையல் யூனிட். மிஷின் இரைச்சலையும், அதற்கு மேலே இந்தியில் யாரோ யாரையோ கூப்பிடும் குரலையும் தாண்டிப் படியேறினாள் ஷாஹிதா. நான்கு நாள் வெளியூர் அலைச்சலில் உடம்பெல்லாம் வலித்தது.

ரஷீத் படி உச்சியிலேயே நின்றிருந்தார். பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை.

"வந்துட்டியா கண்ணு? அந்த சார் எப்ப வர்றாரு?"

"பதினோரு மணிக்குங்கண்ணா. என்ன, ஊடே மணக்குது?"

"உங்க மச்சி பிரியாணி போட்டுட்டிருக்கா. அத உடு. மொதல்ல உன் ரூமுக்கு வா. அண்ணன் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறேன்."

அறைக்குள் புதிதாக ஒரு கண்ணாடி பீரோ நின்றது. உள்ளே வரிசையாக மெரூன் கலர் ரெக்சின் போட்ட புத்தகங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். முதுகில் தங்க எழுத்து.

"யாரோடதுங்கண்ணா இது?"

"உன்னோடதுதாம்மா!" ரஷீதுக்குச் சிரிப்பில் கண் மூடிக்கொண்டது. "அடையாளமே தெரியலியா? வேல்குமார் வேலைன்னா வேலதான்!"

ஷாஹிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

"துணி வாங்க ஒரு பையர் வர்றதுக்கு முன்னாடி நாம என்ன பண்ணுவோம்? பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணி, மடிச்சு வெப்போமில்ல? ஒரு நூல் தொங்குனா முழு லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டுப் போயிருவான். உன் புஸ்தகம் எப்படி இருந்துச்சு, சொல்லு. ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட, முதுகுல நூலு தொங்கீட்டு. ஓரமெல்லாம் எவளெவளோ கிறுக்கி வெச்சிருக்கறா. மெட்ராஸ்லருந்து ஒரு பெரிய மனுசன் வந்து பாத்தா என்ன நெனப்பாரு? அதான் நீ மூலனூர் போன அன்னைக்கே நம்ம கேட்லாக் பைண்டிங் வேல்குமாரக் கூப்புட்டுக் குடுத்துட்டேன். மூணு பக்கமும் மிஷின்ல வெச்சு நூல் புடிச்சாப்பல வெட்டியிருக்கறான், பாரு."

திருப்பூர்க்காரருக்குப் பிசிறு என்றால் ஜென்மப் பகை. அன்புக்காரத் திருப்பூர்க்காரராக இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து.

ஷாஹிதா ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். கதை இருந்தது, ஒரு வரி விடாமல். ஓரம் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் நீல மையில் ஓர் எழுத்தின் வால் தப்பிப் பிழைத்திருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். சேலைத் துணி அட்டை இல்லை, கல்யாணப் பத்திரிகை இல்லை, பனியன் நூல் இல்லை. முதுகில் கதையின் பெயருக்குக் கீழே, ஒவ்வொன்றிலும், 'டாக்டர் ஷாஹிதா' என்று பொன்னெழுத்து.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா... வெட்டுனதெல்லாம் எங்கீங்க?"

குரல் கேட்டுத்தான் ரஷீதின் சிரிப்பு நின்றது. உடனே போனைப் போட்டார். ஸ்பீக்கரில் வேல்குமார் உற்சாகமாகப் பேசினார். "கட்டிங் வேஸ்டுங்களா? அதெல்லாம் அன்னைக்கே மூட்ட கட்டியாச்சுங்கண்ணா. பேப்பர் மில்லு லாரி வந்து ஏத்தீட்டுப் போயிருச்சுங்க. இந்நேரம் கூழாயிருக்கும். ஏனுங்க, பைண்டிங் புடிக்கலீங்களா?"

"புடிச்சுதுப்பா," என்று வைத்துவிட்டார் ரஷீத்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணீட்டேன்?"

"அந்த ஓரத்துல எழுதியிருந்துச்சுங்கண்ணா."

"கிறுக்கல்தானே?"

"அந்தக் கிறுக்கல்தாங்கண்ணா என் வேல. அதப் பாக்கத்தான் அந்த சாரே வர்றாரு."

ரஷீத் பீரோவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. "யா அல்லாஹ்... நீ ஒருக்காக்கூடச் சொல்லலியேம்மா. நான் ஒரு நாள் கேட்டேன், என்ன கண்ணு எழுதறேன்னு. சொன்னாப் புரியாதுங்கண்ணான்னுட்ட. அப்புறம் எனக்குக் கேக்கறதுக்குக் கூச்சமாப் போச்சு."

ஷாஹிதாவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்த முடியவில்லை. அவர் சொன்னது நிஜம். சென்னையில், மதுரையில், மைக் முன்னால் நின்று மணிக்கணக்காக ஓரங்களைப் பற்றிப் பேசியிருக்கிறாள். கல்யாணம் முறிந்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, இங்கே ஒரு மனிதரிடமும் அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. சொல்ல ஆளில்லை என்றே நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தனியாக இருக்கிறோம் என்பது அவளுக்குப் பழகிப்போன வலி.

* * *

சகாயராஜ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு துணிப்பை. ரஷீத் அவரை ஜெர்மனிக்காரப் பையரை வரவேற்பதுபோல வரவேற்றார். முந்திரி வந்தது, ஜூஸ் வந்தது, பெட்டியில் போட்ட டி-ஷர்ட் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

பேராசிரியர் கண்ணாடி பீரோவின் முன்னால் நின்றார். முதுகெழுத்துகளை வாசித்தார்.

"இத்தனை நாவலும் நீங்களே எழுதினதாம்மா?" என்றார் புன்னகையோடு.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓரம் எங்கம்மா?"

"தெரியாம ஒரு தப்பு நடந்துபோச்சுங்க சார்..." என்று ஆரம்பித்தாள் ஷாஹிதா.

"நான்தானுங்க சார் வெட்டுனேன்," என்றார் ரஷீத். "தங்கச்சி ஊர்ல இல்லீங்க. அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சுட்டனுங்க."

சகாயராஜ் புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது ஷாஹிதாவுக்கு.

"போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"

"கொஞ்சம் இருக்குங்க சார். கட்டுரைக்கு எடுத்தது."

"போட்டோவை நம்பி நூலகம் ஒரு சேகரிப்பை வாங்காதும்மா. இங்க இருக்கிறது இப்ப வெறும் கதை. அது எங்ககிட்டயே இருக்கு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் கமிட்டியில நான் சண்டை போட்டேன். ஓரத்தோட ஒரே ஒரு தொகுதி கையில இருந்தாக்கூட மறுபடியும் போய்ச் சண்டை போடுவேன். வெறுங்கையோட போய் என்ன பேச? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஒண்ணுகூடவா மிஞ்சல?"

ரஷீதால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. "வாங்க சார், கீழ யூனிட்டப் பாத்துட்டு வந்தரலாம். அதுக்குள்ள சாப்பாடாயிரும்," என்று அவரைக் கிளப்பிக்கொண்டு படியிறங்கினார்.

"ஷாஹிதா, இங்க வா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மெஹ்ஜபின். ரஷீதின் மனைவி, ஷாஹிதாவுக்கு மச்சி. இந்தக் கதை தொடங்கின நாளிலிருந்து இவர் என்ன பேசியிருக்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். டீ வேணுமா, சோறு போடட்டுமா, அவ்வளவுதான்.

மெஹ்ஜபின் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு துப்பட்டாச் சுருளை எடுத்துப் பிரித்தார். பச்சைச் சேலைத் துணி அட்டை. முதுகில் வெள்ளைப் பனியன் நூல். மூலனூர் பூவாத்தாள் என்கிற அம்மாள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தைத்த தொகுதி. அந்த அம்மாள் உயிரோடு இல்லை. அவரைப் பற்றி விசாரிக்கத்தான் இந்த நான்கு நாளும் மூலனூரில் அலைந்தாள்.

"பைண்டிங்குக்கு மூட்ட கட்டறப்பவே இத நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். எனக்குக் கதை முடியல."

"நீங்க படிப்பீங்களா மச்சி?"

கேட்டபிறகுதான் எப்பேர்ப்பட்ட கேள்வி என்று உறைத்தது. மெஹ்ஜபின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"படிக்காம என்ன? நீ காலேஜுக்குப் போனதும் ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுட்டு, இருந்த எடத்துலயே வெச்சிருவேன். கொண்டுபோய்க் காட்டு அவருக்கு. உன் வேல போகக்கூடாது." சொல்லிவிட்டு பிரியாணி தம்மைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஷாஹிதா தன் அறைக்குள் வந்து பிரித்தாள். ஓரமெல்லாம் அப்படியே இருந்தது. பூவாத்தாளின் நீல மை. அதற்குக் கீழே, அவள் இதுவரை பார்க்காத சிவப்புப் பால்பாயிண்ட்.

கதாநாயகியை நிச்சயம் பண்ணும் இடத்தில் பூவாத்தாள் எழுதியிருந்தார்: "இந்தப் புள்ளையை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கீழே சிவப்பில்: "என்னையும் கேக்கலீங்க அக்கா."

இன்னொரு பக்கத்தில், அதே சிவப்பில்: "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கேக்காமலே செய்வார். நல்லதுதான் செய்வார். அதனால கோவிச்சுக்கவும் முடியாது."

ஒரு வாசகி எழுதியதற்கு, நாற்பது வருஷம் கழித்து, அதே ஓரத்தில் இன்னொரு வாசகி பதில் எழுதியிருக்கிறாள்! எந்த ஆராய்ச்சிக்காரிக்கும் ஆயுசில் ஒரு முறை கிடைத்தால் அதிகம். இதைக் காட்டினால் வேலை நிச்சயம். எழுந்தாள். எழுந்தவள் இன்னும் ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"அக்கா, உங்களைத் தேடி எங்க நாத்தனா மூலனூர் போயிருக்கிறாள். யார் யார் என்ன எழுதினாங்கன்னு ஊர் ஊராப் போய்க் கேப்பாள். பக்கத்து ரூம்ல நான் இருக்கிறேன். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் தனியாத்தான் சாப்பிடுவாள், நானும் தனியாத்தான் சாப்பிடுவேன்."

ஷாஹிதா புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

* * *

சாப்பாட்டு மேஜையில் சகாயராஜ் மறுபடியும் கேட்டார். "யோசிச்சீங்களாம்மா? ஏதாவது கிடைச்சுதா?"

"இல்லீங்க சார். ஒண்ணும் மிஞ்சலீங்க."

வாசற்படியில் பிரியாணித் தட்டோடு நின்ற மெஹ்ஜபின் ஷாஹிதாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வந்து தட்டை மேஜையில் வைத்தார். பேராசிரியர் பாதி சாப்பிட்டார், கையைக் கழுவினார். "வருத்தமா இருக்கும்மா," என்றார். ரஷீத் அவரைச் சென்னை ரயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் மெஹ்ஜபின் கேட்டார். "ஏன் காட்டல?"

"அண்ணனப் பத்தி எழுதியிருந்தீங்க மச்சி. சார் படிச்சா அண்ணன் காதுக்குப் போயிரும்னுதான்... உங்களுக்கு எதுக்குச் சங்கடம்னு..."

"பொய் சொல்லாத ஷாஹிதா. அவரப் பத்தி இருக்கறது நாலு வரி. உன்னப் பத்தி இருக்கறதப் படிச்சுட்டுத்தான மறைச்ச?"

ஷாஹிதா தனக்குள்கூட ஒத்துக்கொள்ளாததை மச்சி புட்டுப் புட்டு வைத்துவிட்டார்.

"நான் தெரிஞ்சுதான் குடுத்தேன். யாராவது படிக்கட்டும்னுதான் எழுதுனேன். ஊரான் ஊட்டுப் பொம்பள எழுதுனா ஆராய்ச்சி. நான் எழுதுனா தலகாணிக்கு அடியில வெக்கோணுமா?"

இத்தனை வருஷத்தில் மெஹ்ஜபின் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசிவிட்டு நேரே ஷாஹிதாவின் அறைக்குள் போனார். தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தார். புர்காவைப் போட்டுக்கொண்டார்.

"எங்க மச்சி போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. ரயில் இன்னும் வந்திருக்காது."

"அண்ணன் அங்கதான் நிப்பாருங்க!"

"நிக்கட்டும். அவரும் படிக்கட்டும்."

விடுவிடென்று படியிறங்கிப் போனார். ஷாஹிதா கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம்தான் பதறிப்போய், செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு டவுன் பஸ், பின்னால் வரிசையாகப் பைக்குகள். "மச்சி!" என்று கூப்பிட்டாள். அந்த இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

நில்லுங்க, நானும் வர்றேன், நானே காட்டுறேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். செல்போனை எடுத்தாள். மூலனூர் பூவாத்தாளின் பேரன் நம்பர் இருந்தது. வீரபாண்டிப் பழைய பேப்பர் கடை இருந்தது. காரைக்குடியில், கும்பகோணத்தில், எப்போதோ ஒரு தடவை பார்த்த வாசகிகளின் நம்பரெல்லாம் இருந்தது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். வீட்டில் எது வேண்டுமென்றாலும் அண்ணனுக்குத்தான் போன் பண்ணுவாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும், தொந்தரவு என்று என்றைக்கோ வெளியே வந்துவிட்டாள்.

யூனிட் வாசலில் செக்கிங் டேபிளில் சித்ரகலா டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வேலை செய்கிறவளிடம் போய் இதைக் கேட்பதா என்று தயங்கினாள் ஷாஹிதா. வேறு வழியில்லை.

"அக்கா, எங்க மச்சி நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

சித்ரகலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையிலிருந்த துணியை வைத்துவிட்டாள்.

"மெஹ்ஜபின் அக்கா நம்பருங்களா? தெனமும் பேசுவமுங்களே... ஏனுங்க, உங்ககிட்ட இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா," என்றாள் ஷாஹிதா.